ரிவியில் வைஃபை அறுந்துகொண்டே இருக்கிறதா? யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு வயரா, எக்ஸ்ரென்டரா, மெஷ்ஷா?

ஸ்மார்ட் ரிவி படத்தின் நடுவில் நின்று வட்டம் சுற்றத் தொடங்கினால் எங்கள் வீடுகளில் உடனே இரண்டு தீர்ப்புகள் வரும். ஒன்று, "லைன் சரியில்லை." மற்றது, "ரிவி பழுதாப் போச்சு." முதலாவதை நம்புகிறவர் கூடிய விலைப் பக்கேஜுக்கு மாறுகிறார். இரண்டாவதை நம்புகிறவர் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குச் சொல்கிறார். அங்கிருந்து காசு வந்து புது ரிவி வாங்கப்படுகிறது. புது ரிவியும் அதே சுவரில் ஏறி, அதே இடத்தில் நின்று சுற்றுகிறது. பெரும்பாலான வீடுகளில் குற்றம் லைனிலும் இல்லை, ரிவியிலும் இல்லை. ரவுட்டருக்கும் ரிவிக்கும் இடையில் உள்ள பத்துப் பதினைந்து மீற்றரிலும், அதில் குறுக்கே நிற்கும் சுவர்களிலும்தான் இருக்கிறது.

அந்தத் தூரத்தைக் கடக்கப் பல வழிகள் கடைகளில் விற்கப்படுகின்றன. ரவுட்டரில் இருந்து ரிவிக்கு லான் வயர் இழுக்கலாம், வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும் எக்ஸ்ரென்டர் பூட்டலாம், இரண்டு மூன்று பெட்டிகள் சேர்ந்து வைஃபை தரும் மெஷ் வாங்கலாம், வீட்டு மின் வயரிலேயே இணையத்தை அனுப்பும் பவர்லைன் அடாப்ரர் போடலாம், ரிவியின் சொந்த வைஃபையைக் கைவிட்டு, தனி வைஃபையோடு வரும் சிறிய ஸ்ரிக் ஒன்றை எச்டிஎம்ஐ துளையில் செருகலாம். இவற்றை ஒப்பிடும்போது எல்லாரும் வேகத்தையும் விலையையும் பார்க்கிறார்கள். நான் அவற்றுக்கு முன் வைக்கும் கேள்வி வேறு: இதை யார் பராமரிக்கப் போகிறார்கள்? யாழ்ப்பாணத்தில் அம்மாவும் அப்பாவும் மட்டும் இருக்கும் வீடுகள் ஏராளம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் நேரலையில் பார்ப்பவர்கள் அவர்கள். தேர் வெளியே வரும் நேரத்தில் படம் நின்றால், "அம்மா, ரவுட்டரை ஒருக்கா ஓஃப் பண்ணிப் போடுங்கோ" என்று ரொறன்ரோவில் இருந்து சொல்ல அங்கே இரவில் ஆள் விழித்திருக்க வேண்டும். ஒருமுறை பூட்டினால் பிறகு யாரும் தொடத் தேவையில்லாத வழியே அந்த வீட்டுக்கு நல்ல வழி. என் முடிவுகள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

எங்கே அறுகிறது?

காசு செலவழிக்க முன் ஒரு சோதனை செய்யுங்கள். ரிவி நிற்கும் நேரம் பார்த்துப் போனை எடுத்து, மொபைல் டேற்றாவை நிறுத்தி, வீட்டு வைஃபையில் மட்டும் விடுங்கள். டேற்றாவை நிறுத்தாவிட்டால், வைஃபை போனதும் போன் தானாக டேற்றாவுக்கு மாறி, எல்லாம் நன்றாக இருப்பதுபோலக் காட்டும். அப்புறம் ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று ஒரு வீடியோ போட்டுப் பாருங்கள். பிறகு அதே போனோடு ரிவியடிக்கு வாருங்கள்.

ரவுட்டருக்குப் பக்கத்திலேயே ஓடவில்லை என்றால் பிரச்சினை வீட்டுக்கு வெளியே. ஃபைபர் இணைப்பு என்றால் பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் கண்ணாடி இழையில் ஒளி வரவில்லை; எங்கோ அறுந்திருக்கிறது அல்லது மடிந்திருக்கிறது. சேவை நிறுவனத்துக்கு அறிவிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. 4ஜி ரவுட்டர் என்றால் காலையில் நன்றாக ஓடி இரவில் மட்டும் திணறுவது ஒரே கோபுரத்தைப் பாவிப்பவர்கள் கூடுவதால் இருக்கலாம்.

பக்கேஜில் டேற்றா மிச்சம் இருக்கிறதா என்றும் பாருங்கள். நெற்பிளிக்ஸ் தரும் கணக்கில் எச்டி படம் மணிக்கு 3 ஜிபி வரையும், 4கே படம் மணிக்கு 7 ஜிபி வரையும் எடுக்கும். தினமும் மூன்று மணி நேரம் எச்டியில் பார்த்தால் மாதம் 270 ஜிபி வரை போய்விடும். அளவு முடிந்ததும் வேகத்தைக் குறைக்கும் பக்கேஜ்களில் இணைப்பு இருக்கும், படம் ஓடாது. பார்ப்பவருக்கு அது வைஃபை அறுந்ததுபோலவே தெரியும். இந்த நிலையில் மெஷ் வாங்கினாலும் பயனில்லை.

ரவுட்டரடியில் போன் ஓடுகிறது, ரிவியடியில் போனும் திணறுகிறது என்றால் இடையில் இருக்கும் சுவர்தான் காரணம். ரிவியடியில் போன் நன்றாக ஓடி, ரிவி மட்டும் நிற்கிறது என்றால் ரிவியின் செற்றிங்ஸ் அல்லது அதன் வைஃபை. இந்தக் கடைசி நிலையில் இருப்பவர்கள் கடைக்குப் போக முன் கீழே உள்ள சில வேலைகளைச் செய்து பார்க்க வேண்டும்.

காசில்லாத திருத்தங்கள்

ரிமோற்றில் நிறுத்தினால் ஸ்மார்ட் ரிவி உண்மையில் நிற்பதில்லை. அரைத் தூக்கத்துக்குத்தான் போகிறது. வாரக்கணக்கில் அப்படியே இருந்தால் அதன் நெற்வேர்க் பகுதி குழம்பிவிடும். சுவரில் பிளக்கைக் கழற்றி ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். அது உதவினால், விரைவாகத் தொடங்குவதற்கான தெரிவை ரிவியின் செற்றிங்ஸில் நிறுத்திவிடுங்கள். ரிவி தொடங்கச் சில செக்கன்கள் கூட எடுக்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் இணைப்பைப் புதிதாக எடுக்கும்.

அடுத்தது ரவுட்டரில். இப்போதைய ரவுட்டர்கள் பல 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளையும் ஒரே வைஃபைப் பெயரில் தருகின்றன. போன் நடமாடும் பொருள், அதற்கு இது வசதி. ரிவிக்கு இது தொல்லை. ரவுட்டர் அதை ஒரு அலைவரிசையில் இருந்து மற்றதுக்குத் தள்ள முயலும்போது சில ரிவிகள் இணைப்பை விட்டுவிடும். இரண்டுக்கும் வேறு வேறு பெயர் கொடுத்து, எது ரிவியடியில் உறுதியாக நிற்கிறதோ அதில் மட்டும் ரிவியை இணையுங்கள். வைஃபையின் பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ3 என்ற புதிய வகை கலந்து இருந்தால் பழைய ரிவிகள் தடுமாறும். டபிள்யூபிஏ2 மட்டும் வைத்துப் பாருங்கள்.

வெளிநாட்டில் இருந்து கொண்டுவரப்பட்ட ரிவியோ ஸ்ரிக்கோ வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு அலைவரிசையும் சானல்கள் என்ற சிறு பிரிவுகளாக இருக்கிறது. 2.4 கிகாஹேர்ட்ஸில் உலகின் பெரும்பகுதி 1 முதல் 13 வரையான சானல்களைப் பாவிக்கிறது. வட அமெரிக்காவுக்குச் செய்யப்பட்ட கருவிகள் பொதுவாக 11 வரைதான் பார்க்கும். ரவுட்டர் தானாகச் சானல் மாற்றும் நிலையில் இருந்து ஒருநாள் 12க்கோ 13க்கோ போனால், கனடாவில் இருந்து வந்த கருவிக்கு உங்கள் வைஃபைப் பெயரே தெரியாது. அடுத்த நாள் ரவுட்டர் 6க்குத் திரும்பியதும் எல்லாம் சரியாகிவிடும். கருவி பழுது என்று நினைத்து அதைத் தூக்கிப் போட முன், ரவுட்டரில் தானியங்கித் தெரிவை நிறுத்தி 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றைக் கையால் போடுங்கள். ஒன்றோடொன்று மோதாத சானல்கள் இந்த மூன்றும்தான். சானலின் அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸில் வையுங்கள். திருநெல்வேலி, கொக்குவில் போல வீடுகளும் மாணவர் விடுதிகளும் நெருங்கிய இடங்களில் 40 போட்டால் பக்கத்து வீடுகளின் வைஃபையோடு மோதுவதுதான் மிஞ்சும்.

5 கிகாஹேர்ட்ஸிலும் ஒரு பொறி உண்டு. 52 முதல் 144 வரையான சானல்களைக் காலநிலை ராடார் போன்ற ராடார்களும் பாவிப்பதால், ராடார் அலை கேட்டதாகத் தோன்றினாலே ரவுட்டர் அந்தச் சானலை விட்டு வெளியேற வேண்டும் என்பது விதி. அதோடு, அந்த வகைச் சானல் ஒன்றில் புதிதாக ஏற முன் குறைந்தது 60 செக்கன் மௌனமாகக் கேட்டிருக்க வேண்டும். படம் ஒரு காரணமும் தெரியாமல் ஒரு நிமிடம் அறுந்து திரும்ப வருகிறது என்றால் இதுவாக இருக்கலாம். 36, 40, 44, 48 இந்தக் கட்டுப்பாட்டில் இல்லை. அவற்றில் ஒன்றைப் போடுங்கள்.

ரிவியின் பின்னால் யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் தொங்கினால் கழற்றிப் பாருங்கள். யூஎஸ்பி 3.0 கருவிகள் 2.4 கிகாஹேர்ட்ஸில் இரைச்சல் போடும் என்பதை இன்ரெல் நிறுவனமே 2012இல் விளக்கி எழுதியது.

எங்கள் சுவர்கள்

இவ்வளவும் செய்தும் ரிவியடியில் போனும் திணறினால், வீட்டைப் பார்க்க வேண்டும்.

வண்ணார்பண்ணை, நல்லூர்ப் பக்கத்துப் பழைய கல்வீடுகளில் சுவர் சுண்ணாம்புக்கல்லால் தடிப்பாகக் கட்டப்பட்டது. ஒரு சுவரைக் கடக்கவே 5 கிகாஹேர்ட்ஸ் அலை களைத்துவிடும். அதன் அலைநீளம் ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர். 12 சென்ரிமீற்றர் அளவான 2.4 அலை அதைவிட நன்றாக ஊடுருவும், ஆனால் அதில்தான் அயல் வீடுகளின் வைஃபை, புளூரூத், மைக்றோவேவ் எல்லாம் நெரிகின்றன. மாரி காலத்தில் அந்தச் சுவர் ஈரம் குடித்து நிற்கும். ஈரம் அலையை உறிஞ்சும். கோடையில் ஓடிய ரிவி கார்த்திகையில் நிற்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

புது மாடி வீடுகளில் தடை வேறு. அறைச் சுவர்கள் மெல்லிய சீமெந்துக் கல், அவ்வளவு தொல்லை இல்லை. மேல் மாடிக்கும் கீழ் ஹோலுக்கும் இடையில் கம்பி பின்னிய கொங்கிறீற் பிளேற் இருக்கிறதே, அதுதான் பெரிய தடை. ரவுட்டர் மேலே பிள்ளையின் படிப்பறையில், ரிவி கீழே ஹோலில் என்றால் சிரமம் நிச்சயம். இரும்பு அலுமாரி, நிலைக்கண்ணாடி, குளிர்சாதனப் பெட்டி, தகரக் கூரை எல்லாம் அலையைத் திருப்பி அடிக்கும். ரவுட்டரை அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைப்பது பல வீடுகளில் நான் பார்க்கும் வழக்கம். அதை வெளியே எடுத்து ஆள் உயரத்துக்கு மேலே வைத்தாலே சில வீடுகளில் வேலை முடிந்துவிடும்.

அளந்து பார்க்க விரும்பினால் அன்ட்ரொய்ட் போனில் வைஃபை அனலைசர் வகை அப் ஒன்றை இறக்கி, ரிவியடியில் சிக்னலின் பலத்தைக் காட்டும் எண்ணைப் பாருங்கள். மைனஸ் 50 டிபிஎம் மிக நன்று. வீடியோவுக்கு மைனஸ் 67 வரை போதும். மைனஸ் 75க்குக் கீழே போனால் செற்றிங்ஸ் மாற்றிப் பயனில்லை. கீழே உள்ள ஏதாவது ஒன்றுக்குப் போக வேண்டும்.

ரவுட்டரை நகர்த்துவதைத்தான் முதலில் எல்லாரும் சொல்வார்கள். 4ஜி ரவுட்டர் என்றால் அதில் ஒரு முரண் இருக்கிறது. கோபுரத்தைப் பார்த்த யன்னலடியில்தான் அதற்குச் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். ரிவி இருப்பது ஹோலின் நடுச் சுவரில். ஹோலுக்குக் கொண்டுவந்தால் வைஃபை கூடி, 4ஜி குறையும். ஃபைபர் பெட்டி என்றால் இழை வீட்டுக்குள் வரும் மூலையிலேயே பூட்டியிருப்பார்கள். அந்த இழையை நாமே வளைத்து இழுக்கக் கூடாது, ஆள் வந்துதான் மாற்ற வேண்டும். இரண்டு நிலையிலும் பெட்டியை இருக்கும் இடத்தில் விட்டு, அங்கிருந்து ரிவிக்கு வழி தேடுவது நல்லது.

வயர்

லான் வயருக்கு எதிராகப் பெரும்பாலும் சொல்லப்படுவது ஒன்றுதான்: வடிவில்லை. மற்ற எல்லாவற்றிலும் அது முன்னால் நிற்கிறது. சானல் இல்லை, கடவுச்சொல் இல்லை, பக்கத்து வீட்டு இரைச்சல் இல்லை, மாரி ஈரம் இல்லை. அம்மா எந்தப் பொத்தானையும் அமத்தத் தேவையில்லை.

பெரும்பாலான ரிவிகளின் லான் துளை செக்கனுக்கு 100 மெகாபிற்றோடு நின்றுவிடும். 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபை அதைவிட வேகம் என்று சொல்லி வயரை வேண்டாம் என்பவர்கள் உண்டு. கணக்கைப் பாருங்கள். நெற்பிளிக்ஸ் 4கே படத்துக்குக் கேட்பது 15 மெகாபிற். யூரியூப் 4கேக்கு 20. 100இல் அதற்குப் பிறகும் நிறைய மிச்சம். ரிவிக்குத் தேவை உச்ச வேகம் இல்லை, அறாத வேகம்.

எங்கள் வீடுகளில் வயர் இழுப்பது பலர் நினைப்பதைவிட இலகு. ஓட்டு வீடுகளில் அறைகளுக்கு மேலே கூரைக்கும் சீலிங்குக்கும் இடையில் வெறும் வெளி இருக்கிறது. ரவுட்டர் இருக்கும் அறையில் மேலே ஏற்றி, கூரைக்குள்ளால் கொண்டுபோய், ரிவிக்கு மேலே இறக்கினால் ஒரு சுவரையும் துளைக்கத் தேவையில்லை. எலியும் அணிலும் கடிக்கும் என்பதால் பிளாஸ்ரிக் குழாய்க்குள் போட வேண்டும். மாடி வீட்டில் படிக்கட்டுச் சுவர் ஓரமாக வெள்ளைக் கேசிங்குக்குள் இறக்கலாம். சுவரின் நிறத்தில் வர்ணம் பூசினால் கண்ணுக்குத் தெரியாது. தடித்த கல்வீட்டில் துளைக்க நீண்ட துளையூசியும் பொறுமையும் வேண்டும். அதற்கு மேசனைப் பிடிப்பதே நல்லது, அவசரத்தில் துளைத்தால் சுண்ணாம்புக்காரை பெரிய துண்டாகக் கழலும். புதிதாக வீடு கட்டுகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இது: சுவர் பூச முன் ஹோலுக்கும் ஒவ்வொரு அறைக்கும் ஒரு வெற்றுக் குழாயாவது பதித்து விடுங்கள். பிறகு எந்தக் காலத்திலும் அதற்குள் எதையும் இழுக்கலாம்.

வாங்கும்போது கற் 5ஈ அல்லது கற் 6 என்று கேட்டு, முழுச் செம்பா என்பதை உறுதிசெய்யுங்கள். அலுமினியத்துக்கு மேலே செம்பு பூசிய வயர் மலிவாகக் கிடைக்கிறது. அது வளைக்கும்போது முறியும். எங்கள் உப்புக் காற்றில் முனைகள் விரைவில் கெட்டுப்போகும். ஸ்ரான்லி வீதிப் பக்கத்துக் கணினிக் கடைகளில் தேவையான நீளத்துக்கு வெட்டி இரண்டு முனையும் அடித்துத் தருவார்கள். மின் வயர் போகும் அதே குழாய்க்குள் இதைப் போட விடாதீர்கள். வயரிங் செய்பவர் இலகு என்று சொன்னாலும் விடாதீர்கள். 230 வோல்ற் வயரோடு ஒட்டி ஓடுவது ஆபத்து, சிக்னலுக்கும் கூடாது.

எக்ஸ்ரென்டரும் மெஷ்ஷும்

வயருக்கு வழியே இல்லாத வீடுகள் உண்டு. வாடகை வீட்டில் சுவரைத் தொட முடியாது. அப்போது கடைக்காரர் முதலில் எடுத்துத் தருவது எக்ஸ்ரென்டர்: பிளக் பொயின்ற்றில் செருகும் சிறிய பெட்டி, விலை குறைவு, ஐந்து நிமிடத்தில் பூட்டலாம்.

அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். காது மந்தமான அப்பப்பாவுக்குப் பேத்தி பக்கத்தில் இருந்து திருப்பிச் சொல்வதைப்போல, ரவுட்டர் சொல்வதை முழுதாகக் கேட்டுவிட்டு அதே பேச்சை மறுபடி சொல்கிறது. ஒரே அலைவரிசையில் இரண்டு வேலையும் செய்யும் மலிவான பெட்டியில் நேரம் இரட்டிப்பாகிறது, வேகம் ஏறக்குறையப் பாதியாகிறது. இரண்டு அலைவரிசையும் உள்ள பெட்டி ஒன்றில் கேட்டு மற்றதில் சொல்லும், அது பரவாயில்லை. இன்னொரு பிழை எல்லா இடமும் நடக்கிறது: ரிவியில் சிக்னல் இல்லை என்று எக்ஸ்ரென்டரை ரிவிக்குப் பக்கத்திலேயே செருகுவது. அங்கே அதற்கும் சிக்னல் இல்லை. ரிவியில் முழுக் கோடுகள் தெரியும், படம் மட்டும் நிற்கும். ரவுட்டருக்கும் ரிவிக்கும் நடு வழியில், ரவுட்டரின் அலை இன்னும் பலமாக இருக்கும் இடத்தில் அது இருக்க வேண்டும். பல வீடுகளில் அந்த நடு இடத்தில் பிளக் பொயின்ற்றே இல்லை. குசினியில் இருக்கும், அங்கே மைக்றோவேவ் இருக்கும்.

பராமரிப்புக் கேள்வியிலும் எக்ஸ்ரென்டர் தோற்கிறது. கறன்ற் போய் வந்ததும் ரவுட்டர் எழும்ப முன் எக்ஸ்ரென்டர் எழும்பி, எதையும் காணாமல் குழம்பி நிற்கும். பிறகு அதைக் கழற்றிப் பூட்ட ஆள் வேண்டும். ஒரு அறையில் இருந்து அடுத்த அறைக்கு, மெல்லிய ஒரு சுவருக்கு அப்பால், எச்டி படம் மட்டும் போதும் என்றால் வாங்குங்கள். பெற்றோர் தனியே இருக்கும் பெரிய வீட்டுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

மெஷ் அதே வேலையை ஒழுங்காகச் செய்கிறது. இரண்டு மூன்று பெட்டிகள் ஒரே பெயரில், ஒன்றையொன்று அறிந்து இயங்குகின்றன. கறன்ற் போய் வந்தால் தாமாகவே சேர்ந்துகொள்கின்றன. விலைதான் கூட, இங்கே சொன்னவற்றில் அதுதான் பெரிய செலவு. அந்தச் செலவு ரிவி ஒன்றுக்காக மட்டும் என்றால் வீண். மேல் மாடியில் படிக்கும் பிள்ளை, விறாந்தையில் வீடியோ அழைப்பு, ஹோலில் ரிவி என்று வீடு முழுவதும் வைஃபை தேவைப்படுகிற குடும்பத்துக்கு அது தகும். அப்படி வாங்கினாலும் பெட்டிகளுக்கிடையில் ஒரு லான் வயர் போட முடியுமா என்று பாருங்கள். போட்டால் சுவர் என்ற பிரச்சினையே இல்லாமல் போகும். மெஷ் பெட்டியின் பின்னால் உள்ள லான் துளையில் இருந்து ரிவிக்கு ஒரு அரை மீற்றர் வயரைக் கொடுத்துவிட்டால் ரிவியின் மெலிந்த வைஃபையும் கணக்கில் இருந்து விலகிவிடும். இந்தத் துளை எல்லா மெஷ் பெட்டியிலும் இல்லை, வாங்க முன் பின்பக்கத்தைப் பாருங்கள்.

பவர்லைன் அடாப்ரரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். வீட்டு மின் வயரையே லான் வயராகப் பாவிப்பது நல்ல எண்ணம். ஆனால் காலத்துக்குக் காலம் ஒட்டுப்போட்டு நீட்டிய எங்கள் பழைய வயரிங்கில் அது எப்படி ஓடும் என்று பூட்டிப் பார்க்காமல் சொல்ல முடியாது. மூன்று பேஸ் கறன்ற் உள்ள வீட்டில் இரண்டு அடாப்ரரும் வேறு வேறு பேஸில் விழுந்தால் இணைப்பே கிடைக்காமல் போகலாம். கிணற்று மோட்டர் போட்ட உடனே இரைச்சல் ஏறும். மல்ரி பிளக்கில் செருகினால் இன்னும் மோசம். பிடிக்காவிட்டால் திருப்பி எடுப்பேன் என்று கடைக்காரர் சொன்னால் மட்டும் வாங்குங்கள்.

ஸ்ரிக் எப்போது?

ரிவியடியில் போன் நன்றாக ஓடுகிறது, சொன்ன செற்றிங்ஸ் எல்லாம் மாற்றியாகிவிட்டது, இன்னும் ரிவி மட்டும் அறுகிறது. அப்போது குறை ரிவியின் வைஃபைப் பகுதியில். மலிவான ரிவிகள் பலவற்றில் 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டுமே உண்டு. அன்ரெனா பின்பக்கத்தில், தகரத் தட்டுக்கும் சுவருக்கும் இடையில் இருக்கும். இந்த நிலையில் ரிவியை மாற்றாமல் எச்டிஎம்ஐ துளையில் செருகும் ஒரு ஸ்ரிக் வாங்குவது நியாயம். இரண்டு அலைவரிசையும் கிடைக்கும். ரிவியில் இருக்கும் பழைய அப்கள் அப்டேற் இல்லாமல் போயிருந்தால் அதுவும் தீரும்.

இரண்டு விடயம் கவனியுங்கள். ஸ்ரிக்கை ரிவியின் முதுகில் நேரே செருகினால் அதுவும் தகரத்துக்குப் பின்னால்தான் இருக்கும். சிறிய எச்டிஎம்ஐ நீட்டு வயரால் ஓரத்துக்குக் கொண்டுவாருங்கள். கறன்ற்றை ரிவியின் யூஎஸ்பி துளையில் எடுக்காமல் அதனோடு வந்த அடாப்ரரில் எடுங்கள். ரிவியின் யூஎஸ்பி பல நேரம் அரை அம்பியர்தான் தரும். படம் ஓடும்போது ஸ்ரிக் தானாக நின்று திரும்பத் தொடங்கும், அதையும் வைஃபை பிரச்சினை என்றே நினைப்போம். பெரியவர்களுக்கு இரண்டாவது ரிமோற் ஒரு சுமை. எச்டிஎம்ஐ சிஇசி என்ற தெரிவை ரிவியில் போட்டுவிட்டால் பெரும்பாலான வேலையை ஒரு ரிமோற்றிலேயே செய்யலாம். லண்டனில் இருந்து லீவுக்கு வரும் பிள்ளைகள் புறப்பட முன் இதைச் செய்து கொடுத்துவிட்டுப் போங்கள்.

கறன்ற்

2022இல் மணிக்கணக்கில் மின்வெட்டு வந்தபோது பலர் ரவுட்டருக்கு 12 வோல்ற் சிறிய யூபிஎஸ் வாங்கினார்கள். மின்வெட்டு குறைந்ததும் அது மூலையில் கிடக்கிறது. எடுத்துத் திரும்பப் பூட்டுங்கள். ஒரு செக்கன் கறன்ற் தட்டினாலும் ரவுட்டர் விழுந்து எழும்பச் சில நிமிடம் ஆகும். ரிவி அதற்கு முன் எழும்பித் தேடிப் பார்த்து, இணைப்பு இல்லை என்று சொல்லிவிட்டு இருந்துவிடும். வாங்குவதானால் ரவுட்டர் அடாப்ரரின் வோல்ற்றும் அம்பியரும் யூபிஎஸ்ஸில் எழுதியிருப்பதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். சில ஃபைபர் பெட்டிகளுக்கு ஒரு அம்பியருக்கு மேலே வேண்டும்.

ஒரே வளவில் இரண்டு வீடு

மகளுக்கு அதே வளவுக்குள் வீடு கட்டிக் கொடுத்து, ஒரே இணைப்பை இரண்டு வீட்டுக்கும் பாவிக்கும் குடும்பங்கள் எங்கள் ஊரில் நிறைய. எக்ஸ்ரென்டரை யன்னலடியில் வைத்து அடுத்த வீட்டு ரிவியைப் பிடிக்க முயல்வதுதான் வழக்கம். இரண்டு வெளிச் சுவர், நடுவில் ஒரு மாமரம். ஈரமான இலை 5 கிகாஹேர்ட்ஸை நன்றாகவே விழுங்கும். அது சரிவராது.

செம்பு லான் வயர் 100 மீற்றர் வரை தாங்கும், தூரம் பிரச்சினை இல்லை. ஆனால் இரண்டு வீட்டுக்கு இடையில் வெளியே தொங்கும் செம்பு வயரை நான் பரிந்துரைக்கமாட்டேன். சித்திரை, வைகாசியிலும் ஐப்பசியிலும் இடி மின்னல் வரும்போது அருகில் எங்கோ மின்னல் விழுந்தாலே அந்த வயரில் திடீரென மின்னழுத்தம் ஏறி இரண்டு பக்கத்துக் கருவிகளையும் எரிக்கலாம். இரண்டு வீட்டின் எர்த்தும் வேறு வேறு என்பது அதைக் கூட்டும். மரம் மறைக்காமல் இரண்டு கூரையும் ஒன்றையொன்று பார்த்தால், நேருக்கு நேர் பூட்டும் ஒரு சோடி வெளிப்புற வயர்லெஸ் பெட்டிகள் போதும். மறைத்தால் உலோகக் கம்பி இல்லாத ஃபைபர் இழையும், இரண்டு முனையிலும் அதை லானாக மாற்றும் கொன்வேர்ட்டர் சோடியும். கண்ணாடி கறன்ற்றைக் கடத்தாது. அந்தக் கொன்வேர்ட்டரில் இருந்து மகள் வீட்டு ரவுட்டருக்கும் ரிவிக்கும் உள்ளே சாதாரண லான் வயர் கொடுக்கலாம்.

இடி வரும்போல வானம் இருண்டால் எல்லாரும் ரிவியின் கறன்ற் பிளக்கைக் கழற்றுகிறார்கள். பின்னால் உள்ள லான் வயரையும், ரவுட்டரின் பிளக்கையும் சேர்த்துக் கழற்ற வேண்டும் என்று வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்குக் காட்டிக் கொடுத்து, அந்த வயரின் முனையில் ஒரு நிற ரேப் சுற்றிவிடுங்கள்.